மிதந்த புழுக்கள் இருநூறு

தேசியப் பழஈ உடற்கொழுப்பு ஆய்வு நிலையத்தின் மன்னார்ப் பிராந்தியக் கிளைக்குள் விரல் வைக்காமல் யாரும் நுழைய முடியாது. வலன்ரைன் விரல் வைத்தாலும் நுழைய முடியாது. வங்காலைக்காரன், இதற்கு முன் ஏழு வருடம் நண்டுக் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டு நண்டு தரம் பிரித்தவன். அவனுடைய பெருவிரல் ரேகையில் பாதியை நண்டு கொண்டுபோய்விட்டது, மீதியை உப்பு. வாசலில் பூட்டியிருந்த இயந்திரம் தினமும் காலை எட்டரைக்கு அந்த விரலை மோந்து பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் குரலில் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லும். அவன் மூன்று முறை முயற்சிப்பான். பிறகு பின்கதவால் போய், மூன்று வருடத்துக்கு முன்பே ஒழிக்கப்பட்டுவிட்ட வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பான்.

ஆகவே, காகிதப்படி அவன் மூன்று வருடமாக வேலைக்கு வரவில்லை. அதே காகிதப்படி, சிறப்பாகப் பணியாற்றியதற்காக அவனுடைய ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிக்கப்பட்டும் வந்தது. இரண்டு காகிதமும் வேறுவேறு அலுமாரியில் இருந்ததால் சண்டை வரவில்லை.

நீடிப்பு அவனுக்குப் போதாது. நிரந்தர நியமனம் வேண்டும். நண்டுக் கம்பெனியில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை. மனைவி நிறஞ்சலா, உள்ளே வைத்தது வெளியே தெரியக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் கோப்பு வாங்கி, அலுமாரியில் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு மேலே வெறுமையாக வைத்திருந்தாள். நியமனக் கடிதத்துக்கென்றே வாங்கியது. பின்னேரம் அவன் மோட்டச்சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் குசினிக்குள்ளிருந்து ஒரே கேள்வி வரும்.

"இஞ்சேருங்கோ, கடிதம் வந்ததோ?"

"இல்லை."

ஐந்து வருடத்தில் கேள்வியிலும் பதிலிலும் ஒரு சொல்கூட மாறவில்லை.

பழ ஈயின் கொழுப்பை அளக்கிற நிலையம் ஏன் மன்னாருக்கு வந்தது என்று கேட்பவர்களுக்கு நேர்மையான ஒரு பதில் உண்டு. கட்டடம் முதலே வந்துவிட்டது. கடற்பாசி ஆராய்ச்சிக்கென்று கட்டியது, பாசி வரவில்லை. கட்டடம் சும்மா நிற்கக்கூடாதே என்று ஈ வந்தது. மனிதனுக்கு ஏன் கொழுப்பு ஏறுகிறது என்று மனிதனிடம் கேட்டால் பொய் சொல்லுவான். ஆகையால் உலகத்தில் பல இடங்களில் பழ ஈயிடம் கேட்கிறார்கள். ஈயைத் தராசில் வைக்க முடியாது. அதன் புழுவைச் சீனித்தண்ணியில் விடவேண்டும். கொழுத்த புழு மிதக்கும், மெலிந்த புழு தாழும். இரண்டு நிமிடம் பார்த்திருந்து, மிதந்ததை எண்ணிப் பதிவேட்டில் எழுதவேண்டும். தண்ணீரில் நூற்றுக்கு ஒன்பது பங்கு சீனி. கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அவ்வளவுதான் விஞ்ஞானம். மீதி எல்லாம் கூட்டம்.

காலாண்டுக்கு ஒருமுறை வலன்ரைன் இருநூறு புழுவை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக் குவளைக்குள் விடுவான். நாற்பத்தாறு மிதக்கும். சிலவேளை நாற்பத்தைந்து. ஒருமுறை நாற்பத்தேழு மிதந்து, அதற்கு விளக்கம் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.

அந்த ஜூன் மாதம் காலாண்டு அறிக்கை பின்னேரம் நான்கு மணிக்குள் போகவேண்டும் என்றிருந்தது. போகாவிட்டால் ஒப்பந்த ஊழியர் யாருக்கும் நீடிப்பில்லை. மத்தியானம் வலன்ரைன் மூன்று படிவத்தோடு களஞ்சியத்துக்குப் போனான். களஞ்சியப் பொறுப்பாளர் நுஃமான் நானா படிவத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியாக வெறும் சீனிப் போத்தலைப் பார்த்தார்.

"எங்க மச்சான் சீனி? நேத்துக் கொழுப்புக் குறைப்பு உபகுழுக் கூட்டம். பதினெட்டுப் பேர். ரெண்டு தரம் தேத்தண்ணி. கிடந்த மிச்சம் கேசரிக்குப் போச்சு."

"அது ஈக்கு வந்த சீனியல்லோ நானா?"

"ஈயைப் பற்றித்தானே கதைச்சவங்க."

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"படிவத்தைத் தா. சீனி குடுத்தது எண்டு நான் பதிஞ்சு விடுறன். இல்லாட்டி எனக்குப் பிரச்சினை. இன்ஷா அல்லாஹ் அடுத்த மாசம் வரும்."

இப்படியாகப் பதிவேட்டில் வலன்ரைனின் கையெழுத்தோடு சீனி ஏறியது. கையில் ஒன்றும் ஏறவில்லை.

பின்கதவடியில் காவலாளி நெத்தலி காயவைக்கவென்று வைத்திருந்த உப்புச் சாக்கு சாய்ந்து கிடந்தது. வலன்ரைன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பிறந்து வளர்ந்தது கடற்கரையில் கருவாடு போடும் வாடிக்குள். மீனை ஊறப்போட முன்னர் உப்புத்தண்ணியில் ஒரு முட்டையை விடுவார்கள். முட்டை எழும்பி ஒரு பத்து ரூபா நாணயக் குற்றியளவு ஓடு வெளியே தெரிந்தால் தண்ணீர் பதம். விஞ்ஞானம் கேட்பது மிதப்பதுதானே, இனிப்பு அல்லவே என்று அவனுக்குத் தோன்றியது. நுஃமான் நானா வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த முட்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கினான். குவளையில் உப்பைக் கரைத்தான். முட்டை எழும்பி, பத்து ரூபாக் குற்றியளவு ஓடு தெரிந்தது. வாடியில் என்றால் அவனை மெச்சியிருப்பார்கள்.

புழுக்களை விட்டான். இருநூறும் மிதந்தன. இரண்டு நிமிடம் பார்த்தான். கூடுதலாக இன்னும் இரண்டு நிமிடம் பார்த்தான். மணி மூன்று ஐம்பது. பதிவேட்டில் 'இருநூறு' என்று எழுதி, அடுத்த கட்டத்தில் 'நூறு வீதம்' என்று எழுதி, முட்டையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் ஆய்வு உத்தியோகத்தர் வேணுஜா கழுவாமல் கிடந்த குவளையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பட்டம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. ஆனபடியால் இன்னமும் குவளைகளைப் பார்க்கிற பழக்கம் இருந்தது.

"அண்ணா, சீனி இப்பிடிச் சதுரஞ் சதுரமாக் காயாது."

வலன்ரைன் எல்லாவற்றையும் சொன்னான். சீனி, கேசரி, முட்டை.

"அறிக்கை போயிட்டுதோ?"

"நேத்தே போயிட்டுது."

அவள் குவளையைத் தண்ணீர்க்குழாயின் கீழ் பிடித்துக் கழுவினாள். "அப்ப நான் இதைக் காணேல்லை. நீங்கள் எழுத்தில மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதீங்கோ."

அதற்குள் பணிப்பாளர் கலாநிதி பரமநாதன் அவனை அழைத்துவிட்டார். மேசையில் அறிக்கையின் பிரதி. இருநூறைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"ஐசே வலன்ரைன், இதென்ன இருநூறுக்கு இருநூறு?"

"மிதந்தது சேர்."

"எல்லாமோ?"

"எல்லாம் சேர். ஆனால் சேர், நேத்துச் சீனி..."

"சீனி!" பரமநாதன் கதிரையை விட்டு எழும்பினார். "அதேதான் ஐசே. நான் யோசிச்சதை நீர் சொல்லுறீர். மன்னாரில சனம் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி போடுது. ஈ சனத்தைப் பாத்துத்தானே பழகும்?" அவர் யன்னலடிக்குப் போய் நின்றார். வெளியே இரண்டு கழுதைகள் நிலையத்தின் பெயர்ப்பலகையில் முதுகு உரசிக்கொண்டு நின்றன. "நான் இஞ்ச பொறுப்பெடுத்து ஆறு வருசம். ஆறு வருசமும் ஒண்டும் நடக்காமல் கவனமாப் பாத்துக்கொண்டனான். இப்ப என்னையும் மீறி ஒரு கண்டுபிடிப்பு வந்திட்டுது. வந்ததை விடக்கூடாது. உம்மட நிரந்தரத்துக்கு நான் இண்டைக்கே சிபார்சு எழுதுறன்."

வலன்ரைன் திறந்திருந்த வாயை மூடினான். அன்று பின்னேரம் நிறஞ்சலா கேட்டபோது ஐந்து வருடத்தில் முதன்முறையாக வேறு பதில் சொன்னான்.

"சேர் சிபார்சு எழுதுறார்."

அவள் அலுமாரியைத் திறந்து, கோப்பில் பட்டிருந்த தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து பதினான்கு பேர் கொண்ட உண்மையறியும் குழு வந்தது. புழுவை ஒருவரும் பார்க்கவில்லை; குளிரூட்டி மாநாட்டு மண்டபத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு அடிப்படைக் கேள்வி எழுந்தது. கொழுத்தவை மன்னார் ஈக்களா, அல்லது மன்னாரில் தங்கியிருக்கும் வெளி ஈக்களா? முதல் ஈக்கள் மலைநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தவை என்று வேணுஜா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அப்படியென்றால் இவை இடம்பெயர்ந்தவையா, மீள்குடியேறியவையா?" என்று ஒருவர் கேட்டார். இரண்டுக்கும் வேறுவேறு படிவம்.

கிராம சேவகரிடம் வதிவிட உறுதிப்பத்திரம் எடுத்துவரும்படி வலன்ரைனை அனுப்பினார்கள். கிராம சேவகர் அசரவில்லை. யுத்தத்துக்குப் பிறகு அவர் காணாத விண்ணப்பம் இல்லை.

"எத்தினை பேர்?"

"நேத்து எண்ணேக்க நாலாயிரத்துச் சொச்சம்."

"குடும்பத் தலைவர் ஆர்?"

வலன்ரைன் யோசித்தான். "நான்தான் சாப்பாடு குடுக்கிறது."

"அப்ப உம்மட பேரைப் போடுறன். வாக்காளர் இடாப்பில இருக்கினமோ?"

"இல்லை."

"அப்ப அவசரமில்லை. புதன்கிழமை வாரும்."

உறுதிப்பத்திரம் புதன்கிழமை கிடைத்தது. வலன்ரைனும் குடும்பத்தினர் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேரும் நன்னடத்தை உள்ளவர்கள் என்று அதில் இருந்தது.

ஈக்கள் மன்னாரைச் சேர்ந்தவை என்பது நிரூபணமானதும் நடவடிக்கைக்குத் தடை இருக்கவில்லை. 'மெலிந்த ஈ, மேன்மையான தேசம்' என்ற திட்டம் ஜூலையில் தொடங்கியது. குத்துவிளக்கு வைத்தார்கள். மன்னார்க் காற்று ஐந்து திரியையும் ஐந்து முறை அணைத்தது. ஆறாவது முறை ஏற்றியதாகக் கருதப்பட்டு எல்லாரும் கைதட்டினார்கள். கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த பிரதித் தலைவர் உரையாற்றினார்.

"நான் ஈக்களைக் குறை கூற இங்கு வரவில்லை. எனது முப்பது வருடச் சேவையில் நான் ஒரு பழ ஈயையும் நேரில் கண்டதில்லை. அதனால்தான் என்னால் பக்கச்சார்பின்றிப் பேச முடிகிறது. கொழுப்பு என்பது மேலிருந்து குறைக்கக்கூடிய ஒன்றல்ல. நான் மேலே இருப்பவன், எனக்குத் தெரியும். அது கீழ்மட்டத்திலிருந்துதான் குறைய வேண்டும். ஈக்கள் தாமாகவே முன்வர வேண்டும். முன்வராத ஈக்களுக்கு மும்மொழியிலும் அறிவித்தல் வழங்கப்படும்."

உரை முடிந்து கேக் பரிமாறப்பட்டது. ஈக்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பான உத்தரவு.

திட்டத்தில் இரண்டு அங்கங்கள். ஒன்று, நிலைய வளவுக்குள் நாற்பது மீற்றர் நீளத்துக்குக் கல் பதித்த ஈ நடைபாதை. ஈக்கு எதற்கு நடைபாதை என்று வேணுஜா கேட்டாள். பறக்கிற ஈயைத்தான் நடக்கப் பழக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினார்கள். பாதையில் முதல் நாளிலிருந்தே கழுதைகள் நடந்தன. ஒரு மாதத்தில் அவை மெலிந்ததாகவும் சொல்லமுடியாது.

மற்றது உடற்பயிற்சி. காலையில் பதினைந்து நிமிடம் வலன்ரைன் ஈக் குழாய்களை மேசையில் தட்டவேண்டும். தட்டினால் ஈக்கள் அடியில் விழும். விழுந்ததும் மேலே ஏறும்; அது அவற்றின் சுபாவம். மேலே ஏறி முடிந்ததும் மறுபடி தட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிப்புக் கடிதம் வாங்குகிறவனுக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே தெரிந்ததுபோல இருந்தது. நாளாக நாளாகத் தட்டுகிற கை தன்னுடையது என்பதே மறந்துபோனது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு தரம் மேசையில் தட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தான்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் நிறஞ்சலா.

"ஒண்டுமில்லை. ஏறட்டும்."

ஓகஸ்ட்டில் இருவரும் மடு மாதா திருவிழாவுக்குப் போனார்கள். வலன்ரைன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றான். முறை வந்ததும் முழங்காலில் நின்று, மரத்துப்போன குரலில் சொன்னான்.

"சுவாமி, புழுவை உப்புத்தண்ணியில போட்டுட்டன்."

திரைக்குப் பின்னால் குருவானவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். "உயிரோடயோ மகன்?"

"ஓம் சுவாமி. இருநூறு. பிறகு சீனித்தண்ணி எண்டு சொல்லிப்போட்டன். அந்தப் பொய்யில எனக்கு நிரந்தரம் கிடைக்கப்போகுது."

சுவாமிக்கு வெளியே ஐந்நூறு பேர் வரிசை. "மகன், புழுவுக்கு நான் மன்னிப்புத் தரலாம். பொய்யை எங்க சொன்னீரோ அங்க போய்த் திருப்பி எடுக்க வேணும். மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும்."

மூன்றையும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை விரல் இயந்திரத்திடம் மூன்று முறை தோற்று, பின்கதவால் நேரே பணிப்பாளரிடம் போனான். நிரந்தரம் போகும் என்று தெரிந்தேதான் போனான்.

"சேர், அது சீனி இல்லை. உப்பு. உப்புக் கூடினால் எந்தப் புழுவும் மிதக்கும். ஈயில பிழையில்லை."

பரமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. மணியடித்துக் களஞ்சியப் பதிவேட்டை எடுப்பித்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

"இதில என்ன இருக்கு? வாசியும்."

"சீனி, ஒரு கிலோ."

"ஆரின்ர கையெழுத்து?"

"என்ர."

"உப்பு எண்டு எங்கையும் இருக்கோ?"

"இல்லை சேர். அது காவலாளியின்ர."

"இந்த நிலையத்துக்கு இண்டைவரைக்கும் ஒரு மணி உப்பு வழங்கப்படேல்லை. வழங்கப்படாத பொருளை ஒரு ஊழியர் எப்பிடிப் பாவிக்க ஏலும்?" அவருடைய குரலில் இரக்கம்கூட இருந்தது. "உமக்குக் களைப்பு ஐசே. நேர்மையான ஆக்களுக்கு உப்பிடித்தான் வரும், செய்யாததையும் செய்தது மாதிரி. நானும் ஒருக்கால் இப்பிடி உண்மை சொல்ல வெளிக்கிட்டனான். பதுளைக்கு மாத்தினவங்கள். போய்த் தட்டும்."

வலன்ரைன் போய்த் தட்டினான். திருப்பி எடுக்கப் போன பொய்யை அவர்கள் தரவில்லை என்றால் அது யாருடைய பாவம் என்று சுவாமி சொல்லியிருக்கவில்லை.

செப்ரெம்பர் முடிவில் இறுதி மதிப்பீடு. கொழும்புக் குழு இந்த முறை எதையும் நம்பாமல் சீனித்தண்ணியைத் தாங்களே கரைத்து, முத்திரை வைத்த போத்தலில் கொண்டுவந்தது. சரியாக ஒன்பது பங்கு. கட்டடம் திறந்த நாளிலிருந்து அந்த ஆய்வுகூடத்துக்குள் வந்த மிகச் சுத்தமான பொருள் அதுதான். வலன்ரைன் இருநூறு புழுவையும் ஒவ்வொன்றாக விட்டான். பதினான்கு பேரும் பிரதித் தலைவரும் குவளையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

புழுக்கள் தாழத் தொடங்கின. ஒன்று, பத்து, ஐம்பது. இரண்டு நிமிடம் முடிந்தபோது நூற்றைம்பத்து நான்கு அடியில் கிடந்தன. நாற்பத்தாறு மிதந்தன.

அறை அதிரக் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"மூன்றே மாதத்தில் நூற்றைம்பத்து நான்கு புழுக்கள் மீண்டுள்ளன," என்றார் பிரதித் தலைவர். "மீதி நாற்பத்தாறும் எமது கண்காணிப்பில் இருக்கும்."

வேணுஜா மூலையிலிருந்த பழைய பதிவேட்டை எடுத்தாள். மார்ச், நாற்பத்தாறு. டிசம்பர், நாற்பத்தாறு. அதற்கு முந்தியது, நாற்பத்தைந்து. பக்கத்தை வலன்ரைனுக்குக் காட்டினாள். அவன் பார்த்தான். அவள் மூடி வைத்தாள்.

பரமநாதன் அந்த மாதமே பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார். போகிற அன்று வலன்ரைனின் தோளில் தட்டினார். அவன் தன்னையறியாமல் ஒரு அங்குலம் எழும்பினான்.

"சிபார்சு மேல போயிட்டுது ஐசே. கடிதம் வரும்."

ஒக்ரோபர் பதினைந்தாம் தேதி கடிதம் வந்தது. நீள உறை, அரசாங்க முத்திரை. நுஃமான் நானா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வாசிச்சிட்டன் மச்சான், குறை நினைக்காத" என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தார். வலன்ரைன் பிரித்தான்.

'மெலிந்த ஈ, மேன்மையான தேசம்' திட்டம் தங்களது அயராத பங்களிப்பினால் முழு வெற்றியடைந்ததைத் தொடர்ந்து, மேற்படி திட்டம் இத்தால் நிரந்தரமாக்கப்படுகின்றது. மன்னார் ஈக்களின் மேலதிகக் கொழுப்பு நீங்கியுள்ளமையால், அதனை அளப்பதற்கென ஒப்பந்த அடிப்படையில் உருவாக்கப்பட்ட தங்களது பதவி இனித் தேவைப்படாது என்பதனை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றேன்.

காலை உடற்பயிற்சியை இனி ஐவர் கொண்ட குழு நடத்தும் என்றும், குழுவுக்கான சீனி தனியாக ஒதுக்கப்பட்டிருப்பதாகவும் பின்குறிப்பில் இருந்தது.

அவன் தூரிகையைக் கழுவிக் காயவைத்தான். பின்கதவு பூட்டியிருந்ததால் முன்வாசலால் வெளியே வந்தான். பழக்கத்தில் விரலை வைத்தான். இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி" என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் மோட்டச்சைக்கிளை நிறுத்தினான்.

"இஞ்சேருங்கோ, கடிதம் வந்ததோ?"

"ஓம். வந்தது."

குசினிக்குள் எதுவோ விழுந்த சத்தம். நிறஞ்சலா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, அரசாங்க முத்திரையை மட்டும் பார்த்தாள், வாசிக்கவில்லை. நேரே அலுமாரியைத் திறந்து கோப்பினை எடுத்து, மடிப்பு விழாமல் உள்ளே செருகினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிளாஸ்ரிக்குக்கு மேலால் வாசித்தாள். ஒருமுறை வாசித்தாள். திரும்ப மேலிருந்து வாசித்தாள்.

"மகிழ்ச்சியுடன் எண்டுதானே போட்டிருக்கு," என்றாள்.

"ஓம்."

"நிரந்தரமாக்கப்படுகின்றது எண்டும் இருக்கு."

"ஓம். இருக்கு."

அவள் கோப்பைச் சான்றிதழ்களுக்கு மேலே அதே இடத்தில் வைத்து, அலுமாரியைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கைபிடியை விடாமல் நின்றாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சீனி எத்தனை கரண்டி என்று கேட்கவில்லை.

வாழைப்பழச் சீப்பிலிருந்து எழும்பிய ஒரு சின்ன ஈ தேத்தண்ணிக்குள் விழுந்தது. வலன்ரைன் அதை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தான்.

மிதந்தது. எழுதிவைக்கப் பதிவேடு இருக்கவில்லை.